கப்பலேறும் முன்பே இருந்தது

நியூசிலாந்தில் பள்ளி ஆண்டின் முதல் பருவம் பிப்ரவரித் தொடக்கத்தில் ஆரம்பித்து ஏப்ரல் நடுவில் முடியும். அதற்குள் பல பள்ளிகளில் இரண்டு காரியங்கள் நடந்துவிடும். மார்ச்சில், குளிர் இறங்குவதற்கு முன்பாக, ஐந்தாம் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளைக் காட்டோரம் கேம்ப்புக்குக் கூட்டிப்போவார்கள். பருவத்தின் கடைசி வாரத்தில், ஏப்ரல் 25 அன்சாக் நாளை முன்னிட்டு, போரில் இறந்தவர்களுக்கு நினைவு அசெம்பிளி நடத்துவார்கள். இரண்டுக்கும் தொடர்பு இருப்பதாக யாரும் சொல்வதில்லை. ஒன்று கொண்டாட்டம், மற்றது துக்கம். நாள்காட்டியில் அடுத்தடுத்து வந்து விழுகின்றன. பெற்றோர் துணையாகக் கேம்ப்புக்கும் போய், பின்வரிசையில் நின்று அசெம்பிளியையும் பார்த்த பிறகு, எனக்கு இவை ஒரே பாடத்தின் இரண்டு பாதிகள் என்று தோன்றுகிறது. ஒரு பாதியை மட்டும் சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகள் தவறாகப் புரிந்துகொள்ளக்கூடிய பாடம் அது.

அசெம்பிளியை முதலில் சொல்கிறேன். நம் ஊர்ப் பள்ளிகளின் காலை ‘பிரேயர்’ போல வரிசையில் நிற்பதில்லை. பிள்ளைகள் மண்டபத் தரையில் சம்மணமிட்டு உட்காருவார்கள், ஐந்து வயதுக்காரர்கள் முன்வரிசையில். சட்டைக்குச் சட்டை ஒரு சிவப்புப் பாப்பிப் பூ குத்தியிருக்கும். பிரிட்டனில் நவம்பரில் அணிகிற இந்தப் பூ இங்கே ஏப்ரலுக்கு வந்ததற்கு ஒரு கப்பல் தாமதமானதுதான் காரணம். 1921 நவம்பருக்கென்று பிரான்சிலிருந்து அனுப்பிய பூக்கள் நாள் கடந்த பிறகே கரை சேர்ந்தன. அவற்றை எடுத்து வைத்திருந்து 1922 ஏப்ரல் 24 அன்று, அன்சாக் நாளுக்கு முந்தின நாள், விற்றார்கள். அதுவே வழக்கமாக நிலைத்துவிட்டது.

மேல்வகுப்புப் பிள்ளைகள் இருவர் முன்னால் வந்து, லாரன்ஸ் பின்யன் 1914-இல் எழுதிய கவிதையின் வரிகளை மாவோரியிலும் ஆங்கிலத்திலும் சொல்வார்கள். டிரம்பெட் ஒலிக்கும். பிறகு ஒரு நிமிட மௌனம். முன்வரிசைப் பொடியன் ஒருவன் தன் ஷூவின் ஒட்டுப்பட்டையைக் கிர்ரென்று பிரித்துப் பிரித்து ஒட்டுகிற சத்தம் அந்த மௌனத்தில் மண்டபம் முழுக்கக் கேட்டது. யாரும் அவனை அதட்டவில்லை. ஐந்து வயதுக்கு ஒரு நிமிடம் எவ்வளவு நீளம் என்று தெரிந்த ஆசிரியர்கள் அவர்கள்.

பிறகு ஒரு கதை சொன்னார்கள், ரிச்சர்ட் ஹெண்டர்சனின் கதை. தொடக்கப் பள்ளி ஆசிரியர். முதல் உலகப் போரில் நியூசிலாந்துப் படையின் மருத்துவப் பிரிவில் சேர்ந்து, துருக்கியின் கலிப்பொலிக்குப் போனவர். 1915-இல் அந்தச் செங்குத்தான பள்ளத்தாக்குகளில் காயம்பட்டவர்களைக் கழுதைமேல் ஏற்றி, கையால் அணைத்துப் பிடித்துக்கொண்டு, கடற்கரைக்கு இறக்கிவந்தார். பிள்ளைகளுக்குக் கழுதையைப் பற்றித்தான் அதிகம் கேட்கத் தோன்றும். அதன் பெயர் என்ன, அது பிழைத்ததா, அதற்கு யார் தீனி போட்டார்கள். ஹெண்டர்சன் பிழைத்து வந்து மறுபடியும் பள்ளிக்கூடத்துக்கே போனார் என்ற விவரத்தை அவர்கள் பொருட்படுத்தவில்லை. எனக்கு அதுதான் மனதில் நின்றது.

அன்று மாலை வீட்டில் அன்சாக் பிஸ்கட் சுட்டோம். ஓட்ஸும் தேங்காய்த் துருவலும் கோல்டன் சிரப்பும் சேரும், முட்டை சேராது. மாவை உருட்டிக்கொண்டே மகள் சொன்னாள்: “எல்லா ஃபிரண்ட்ஸும் ஒரே டென்ட்ல இருந்திருப்பாங்கல்லப்பா? அது மட்டும் நல்லா இருந்திருக்கும்.”

அவள் அம்மா திடுக்கிட்டு என்னைப் பார்த்தாள். எனக்கும் உடனே பதில் வரவில்லை. கேம்ப்பிலிருந்து வந்து மூன்று வாரம் ஆகியிருக்கவில்லை. தோழிகளோடு ஒரே கூடாரத்தில், ஸ்லீப்பிங் பேக்குக்குள் கிடந்து, டார்ச்சை அணைத்த பிறகும் பேசிச் சிரித்த இரவுகளின் வெதுவெதுப்பு அவளிடம் இன்னும் இருந்தது. போரைப் பற்றிக் கேட்ட அத்தனையிலும் அவளுக்குத் தெரிந்த ஒன்றே ஒன்றை அவள் பிடித்துக்கொண்டாள். பேதைப் பேச்சு என்று தள்ளிவிட முடியாது, ஏனென்றால் அவள் சொன்னது உண்மை. 1914-இல் போனவர்களில் பலரும் ஏறக்குறைய அதற்காகத்தான் போனார்கள்.

அந்த ஆண்டு அக்டோபர் 16-இல் வெலிங்டன் துறைமுகத்திலிருந்து கிளம்பிய கப்பல்களில் சுமார் 8,500 பேர் இருந்தார்கள், கூடவே நாலாயிரத்துக்குச் சற்றுக் குறைவான குதிரைகளும். அப்போது நாட்டின் மக்கள்தொகையே பதினோரு லட்சம்தான். துருக்கியன்மேல் பகை கொண்டு கப்பலேறியவன் ஒருவனாவது இருந்திருப்பானா என்பது சந்தேகம். புறப்பட்டபோது துருக்கி போரிலேயே இல்லை. பண்ணைகளிலும் ஆலைகளிலும் வேலை செய்த இளைஞர்கள். கடல் தாண்டிப் போக வேறு வழி அவர்களுக்கு வாழ்நாளில் வாய்த்திராது. ஆஸ்திரேலியப் படையினரை ‘நாளுக்கு ஆறு ஷில்லிங் சுற்றுலாக்காரர்கள்’ என்றே அப்போது கேலி பேசினார்கள். எகிப்தில் கூடாரம் அடித்தார்கள், பிரமிடுகளின் முன் நின்று படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். நியூசிலாந்தின் காலாட்படை ஆக்லாந்து, வெலிங்டன், கேன்டர்பரி, ஒட்டாகோ என்று மாகாணவாரியாகப் பிரிக்கப்பட்டிருந்தது. எனவே ஒரு ஊர்க்காரன் பெரும்பாலும் தன் ஊர்க்காரனோடுதான் இருந்தான். அண்ணனும் தம்பியும் சேர்ந்தார்கள், ரக்பி ஆடியவர்கள் சேர்ந்தார்கள். நண்பன் போகிறான் என்பதே போதுமான காரணமாக இருந்தது.

ஊர்வாரியாகப் போனதால் சாவும் ஊர்வாரியாகவே வந்தது. 1915 ஆகஸ்ட் 8 அன்று கலிப்பொலியின் சுனுக் பைர் மலைமுகட்டை வெலிங்டன் பட்டாலியன் பிடித்தது. ஏறிய சுமார் 760 பேரில் அன்று இரவு காயமில்லாமலோ சிறு காயத்தோடோ மிஞ்சியவர்கள் 70 பேர் அளவுதான். அவர்களின் தளபதி வில்லியம் மலோனும் அங்கேயே இறந்தார். எட்டு மாதக் கலிப்பொலிப் போரில் நியூசிலாந்து இழந்தது 2,779 பேரை. தங்கள் மண்ணைக் காத்து நின்ற துருக்கியர் பக்கம் இறந்தவர்கள் 80,000-க்கும் மேல். இந்த நாட்டில் நான் பார்த்த எந்தச் சின்ன ஊரிலும் ஒரு நினைவுத்தூண் இருக்கிறது. அதில் ஒரே குடும்பப் பெயர் இரண்டு முறை, மூன்று முறை வருகிறது.

இனி எனக்கு உடன்பாடில்லாத இடத்துக்கு வருகிறேன். கலிப்பொலியில்தான் இந்த நாடு பிறந்தது என்று மேடைகளில் சொல்வார்கள். போர்க்களத்தில்தான் தோழமை பிறந்தது, துன்பம்தான் அவர்களை ஒருவருக்கொருவர் உயிர்கொடுக்க வைத்தது என்பார்கள். சொல்பவர்கள் நல்லவர்கள், இறந்தவர்கள்மேல் உண்மையான அன்பு கொண்டவர்கள். அவ்வளவு சாவுக்கும் ஒரு பயன் இருந்தாக வேண்டும் என்ற தவிப்பு அதில் இருக்கிறது. ஆனால் தரையில் சம்மணமிட்டுக் கேட்கிற பத்து வயதுப் பிள்ளை அதிலிருந்து எடுத்துக்கொள்வது என்ன? அவ்வளவு நல்ல நட்பு வேண்டுமென்றால் அங்கே போக வேண்டும் என்பதைத்தான். என் மகள் மாவு உருட்டிக்கொண்டே வந்து சேர்ந்ததும் அந்த இடத்துக்குத்தான்.

அதற்கான பதிலை அவளே கேம்ப்பில் செய்து காட்டியிருந்தாள் என்பது எனக்குச் சில நாள் கழித்துத்தான் உறைத்தது.

இந்த நாட்டுக் கேம்ப்புகளில் ஆறு கடக்கச் சொல்லித்தருவார்கள். வேடிக்கைக்காக அல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கே ஆற்றில் அடித்துச் செல்லப்பட்டு இறந்தவர்கள் அவ்வளவு பேர் என்பதால், நீரில் மூழ்கிச் சாவதற்கு ‘நியூசிலாந்துச் சாவு’ என்றே பெயர் வைத்திருந்தார்கள். நாங்கள் போன இடத்தில் ஆறு பிள்ளைகளின் முழங்காலுக்கு மேல் ஓடியது. பனிக்கட்டியைத் தொட்டது போன்ற தண்ணீர், அடியில் வழுக்கும் கூழாங்கற்கள். பயிற்சி தருபவர் ஐந்து பேரை அழைத்துப் பக்கத்தில் பக்கத்தில் நிற்க வைத்தார். ஒவ்வொருவர் கையும் அடுத்தவரின் முதுகுக்கும் பைக்கும் நடுவே நுழைந்து பையின் வாரைப் பற்ற வேண்டும். நீரோட்டம் எந்தப் பக்கம் ஓடுகிறதோ அதே பக்கமாக வரிசை நீள வேண்டும். அப்போதுதான் முழு வேகமும் முதல் ஆளின்மேல் மட்டும் மோதும். மற்றவர்கள் அவர் உடைக்கிற தண்ணீரின் நிழலில் நடப்பார்கள். பலசாலி மேல்நோட்டத்தில் நிற்க வேண்டும், எடை குறைந்தவர் நடுவில்.

யார் பலசாலி என்று ஒரு சண்டை வந்தது. வகுப்பில் யாரோடும் அதிகம் பேசாத, உயரமான ஒரு சமோவா நாட்டுப் பையனை ஆசிரியை கைகாட்டினார். அவன் தோளைக் குறுக்கிக்கொண்டு போய் முதலில் நின்றான். என் மகள் நடுவில். ஆற்றின் பாதியில் அவளுக்கு அடுத்து நின்ற சிறுமிக்குக் கால் வழுக்கிவிட்டது. வரிசை ஒரு கணம் வளைந்தது, யாரும் பிடியை விடவில்லை, அந்தச் சிறுமி வாரில் தொங்கியபடியே காலூன்றிக்கொண்டாள். மேல்நோட்டத்துப் பையன் திரும்பிப் பார்க்கவில்லை, நின்றுகொண்டான். அவன் நின்றதால் எல்லாரும் நின்றார்கள். கரையேறிய பிறகு அவனைச் சுற்றி நாலைந்து பேர். இரவுச் சாப்பாட்டில் அவன் தட்டுக்குப் பக்கத்தில் இடம்பிடிக்கப் போட்டி. யாரும் அவனுக்கு வீரன் என்று பட்டம் கட்டவில்லை, எந்த எதிரியும் செத்துப்போகவில்லை. உருளைக்கிழங்கு உரிப்பது, பாத்திரம் கழுவுவது, வீட்டு நினைப்பில் அழுகிறவளின் பக்கத்தில் படுத்துக்கொள்வது என்று அடுத்த நாட்களில் நடந்த அத்தனையும் அதே பிடிதான்.

ஆயுதத்தையும் கூடாரத்தையும் பிரிக்க இந்த நாட்டுக்கும் கொஞ்ச காலம் பிடித்தது. 1909-ஆம் ஆண்டின் பாதுகாப்புச் சட்டம் பையன்களுக்குப் படைப்பயிற்சியைக் கட்டாயமாக்கியது. ஆண்கள் உயர்நிலைப் பள்ளிகளில் கல்வியாண்டின் தொடக்க நாட்கள் சீருடையும் துப்பாக்கியும் அணிவகுப்புமாகக் கழியும் வழக்கம் 1960-கள் வரை நீடித்தது. பையன்களின் கூட்டு வாழ்க்கை என்றாலே அது பட்டாள வாழ்க்கையின் ஒத்திகை என்றுதான் நினைத்தார்கள். இன்னொரு கிளை 1919-இல் துளிர்த்தது. படை மருத்துவப் பிரிவில் பணியாற்றிய எலிசபெத் கன் என்ற பள்ளி மருத்துவர், வாங்கனுயி அருகே துராகினாவில் ஒரு பண்ணை வயலில் கூடாரங்கள் அடித்து, சத்துக்குறைவான பிள்ளைகளைக் கொண்டுவந்து சேர்த்தார். வெயிலில் விளையாட விட்டார், வயிறாரச் சாப்பாடு போட்டார். கட்டுப்பாடு என்னவோ பட்டாளத்துக் கட்டுப்பாடுதான், கறாரான பெண்மணி. ஆனால் அங்கே கூடாரத்தின் வேலை பிள்ளைக்கு எடை ஏற்றுவது. உடல்நல முகாம்கள் என்று அவை நாடு முழுக்கப் பரவின. அவற்றுக்காகச் சிறப்பு அஞ்சல் தலைகளை வாங்கி ஒட்டிப் பல தலைமுறைகள் காசு கொடுத்தன. போர் முடிந்த மறு ஆண்டே இப்படி ஒருவருக்குத் தோன்றியதை நினைக்க மனசு நிறைகிறது.

ஆனாலும் போரின் நிழல் கேம்ப்பை விட்டு முழுசாக அகலவில்லை. கடைசி இரவில் ஒரு நடை உண்டு. காட்டுக்குள் மரத்துக்கு மரம் கயிறு கட்டியிருப்பார்கள். டார்ச் கூடாது. கயிற்றை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, வேர் தடுக்கிச் சேறு மிதித்து, முன்னால் போகிறவர் “கிளை, குனி” என்று சொல்வதைப் பின்னால் வருகிறவருக்குச் சொல்லிக்கொண்டே நடக்க வேண்டும். பிள்ளைகளுக்கு உயிர். அதன் பெயர் ‘பர்மா டிரெயில்’. ஆசிரியை சாதாரணமாக அந்தப் பெயரைச் சொன்னபோது எனக்குக் காட்டின் இருட்டு வேறாகிவிட்டது. பர்மா, காடு, நடை என்று சேர்ந்து காதில் விழுந்தால் ஒரு தமிழனால் விளையாட்டாக எடுத்துக்கொள்ள முடியாது.

சயாமையும் பர்மாவையும் இணைத்து 1942-43இல் ஜப்பானிய ராணுவம் 415 கிலோமீட்டர் ரயில்பாதை போட்டது. அதில் வேலை வாங்கப்பட்ட நேச நாட்டுப் போர்க்கைதிகள் 60,000-க்கும் மேல். சுமார் 12,000 பேர் இறந்தார்கள், அவர்களில் ஏறத்தாழ 2,800 பேர் ஆஸ்திரேலியர். இன்றும் அன்சாக் நாள் விடியலில் தாய்லாந்தின் ஹெல்ஃபயர் கணவாயில் மெழுகுவத்தியோடு கூடுகிறார்கள். அதே பாதையில் வேலை செய்த ஆசியத் தொழிலாளர்கள் இரண்டு லட்சம் அளவு. அவர்களில் மலாயா ரப்பர்த் தோட்டங்களிலிருந்து ஆசைகாட்டியும் மிரட்டியும் கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் பல்லாயிரம். ஆசியத் தொழிலாளர்களின் சாவு 90,000 வரை இருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். போர்க்கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் வரிசை வரிசையாகப் பெயர் பொறித்த கல்லறைகள் உண்டு. நம்மவர்களில் ஆகப் பெரும்பாலானோருக்குப் பெயர்ப் பட்டியலே இல்லை.

இதைக் குறையாகச் சொல்லி நிறுத்த நான் வரவில்லை. தோழமை போரில்தான் பிறக்கிறதா என்ற என் கேள்விக்கான பதில் இதற்குள் இருக்கிறது. போர்க்கைதிகள் அந்தக் காட்டுக்கு வந்தபோது பெரும்பாலும் தங்கள் படைப்பிரிவுகளாக, தங்கள் அதிகாரிகளோடும் மருத்துவர்களோடும் வந்தார்கள். எட்வர்ட் டன்லப் போன்ற மருத்துவர்கள் நோயாளிக்காக அடி வாங்கினார்கள். காலரா வந்தபோது மூங்கிலைச் சீவிக் குழாயாக்கி உப்புநீர் ஏற்றினார்கள். கஞ்சியைப் பங்கிட ஒரு முறை இருந்தது, செத்தவனின் பெயரைக் குறித்துவைக்க ஒருவன் இருந்தான். அவர்களில் ஐந்தில் ஒருவர் இறந்தார்கள் என்றால், ஆசியத் தொழிலாளர்களில் ஐந்தில் இரண்டு பேருக்கு மேல் இறந்தார்கள். மருத்துவர் இல்லை, கேட்க ஆளில்லை. தோட்டத்து வரிசைக் குடியிருப்பான ஒரே லயத்தில் பிறந்து வளர்ந்தவர்களை எங்கெங்கோ சிதறடித்துவிட்டார்கள். பாதை ஒன்று, மழை ஒன்று, காலரா ஒன்று, தடியும் ஒன்று. துன்பம் தோழமையைப் படைக்குமென்றால் அங்கே அதிகம் துன்பப்பட்டவர்களுக்கு அல்லவா அது அதிகம் வாய்த்திருக்க வேண்டும்? போர் யாருக்கும் நட்பைத் தரவில்லை. போர்க்கைதிகள் தங்கள் ஊர்களிலிருந்து கொண்டுவந்ததை வைத்துப் பிழைத்தார்கள். தமிழர்கள் வைத்திருந்ததைப் போர் ஆள்பிடிக்கும்போதே அறுத்துவிட்டது.

கலிப்பொலிக்கும் இதுதான் கதை. ஹெண்டர்சன் காயம்பட்டவனை விழாமல் அணைத்துப் பிடிக்கக் கற்றது போரில் அல்ல. பிள்ளைகளைக் கவனித்துப் பழகிய கையோடுதான் அவர் அங்கே போனார். மலையேறிய வெலிங்டன்காரர்கள் ஒருவருக்கொருவர் செய்துகொண்டதெல்லாம் கம்பளி கத்தரிக்கும் கொட்டகைகளிலும் ஆட்டத் திடல்களிலும் வெள்ளம் வந்த ஆறுகளிலும் முன்பே செய்து பழகியது. போர் அந்தக் கையிருப்பை எட்டு மாதம் செலவழித்தது. பட்டாளம் ஆள் சேர்க்கும்போது காட்டுகிற மிக அழகான படம் ஒரு கூடாரமும் நாலு சிநேகிதர்களும்தான், அன்றும் இன்றும். அந்தப் படத்தில் இருப்பது தன்னிடம் ஏற்கெனவே இருக்கிறது என்று தெரிந்த பிள்ளையை அதைக் காட்டி அழைத்துப்போவது கடினம்.

மகளிடம் இதையெல்லாம் சொல்லவில்லை; பத்து வயது. அவள் கேட்டதற்கு மட்டும், ஆமாம்மா, ஒரே டென்ட்டில் இருந்திருப்பார்கள், நல்லாத்தான் இருந்திருக்கும், ஆனால் அவர்கள் வீட்டில் இருந்தபோதே ஃபிரண்ட்ஸ்தானே என்றேன். “அப்போ எதுக்குப் போனாங்க?” என்றாள். அசெம்பிளியில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

அந்த ரயில்பாதையைப் பற்றி அடுத்த ஏப்ரலில் வகுப்பில் பத்து நிமிடம் பேச முடியுமா என்று ஆசிரியை கேட்டிருக்கிறார். சரி என்றிருக்கிறேன், கேம்ப் முடிந்த பிறகு வைத்துக்கொள்ளலாம் என்றும் சொல்லியிருக்கிறேன். முதலில் ஒரு ரப்பர்த் தோட்டத்தைச் சொல்வேன். இருட்டோடு எழுந்து பால்மரம் வெட்டப் போகிறவர்கள், தாய்மார் வேலைக்குப் போனதும் எல்லார் குழந்தைகளையும் ஒருத்தியே பார்த்துக்கொள்கிற ஆயாக் கொட்டகை, ஒரு வீட்டில் சாவு என்றால் உலையேற்றாத லயம், மாரியம்மன் தீமிதிக்கு ஒன்றாகக் காப்புக் கட்டிக்கொள்கிற பையன்கள். பத்து நிமிடத்தில் எட்டு நிமிடம் அதற்கே வேண்டும். பாதை போட்ட கதைக்கு மிச்சம் இரண்டு போதும்.